கார் ஷெட் ஷட்டர் சரிந்து நிற்கிறது: பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?

தேவகோட்டைக்குப் பக்கத்து ஊரிலிருந்து 68 வயது ஆச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற பழைய வீடு. பின்தெருவைப் பார்த்திருந்த வண்டிக் கொட்டகையை 11 ஆண்டுகளுக்கு முன் கார் ஷெட்டாக மாற்றி, 10 அடி அகலம், 8 அடி உயரத்தில் கையால் தூக்கும் ரோலிங் ஷட்டர் போட்டார்கள். கணவர் இருந்தவரை கார் தினமும் வெளியே போய் வந்தது. இப்போது வாரம் இரண்டு முறை, கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும். ஷட்டரைத் தூக்கக் கை வராததால், சிங்கப்பூரில் இருக்கும் மகன் 14 மாதத்துக்கு முன் மோட்டாரும் ரிமோட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு ராத்திரி ஷெட்டுக்குள் வெடி வெடித்தது போலச் சத்தம். காலையில் பார்த்தால் எல்லாம் இருந்தபடியே இருந்திருக்கிறது, ரிமோட்டை அழுத்தினால் ஷட்டரும் ஏறியிருக்கிறது, கொஞ்சம் முனகலோடு. நான்கு வாரம் கழித்து, இறங்கிக்கொண்டிருந்த ஷட்டர் மோட்டார் பக்கம் திடீரென்று ஒரு முழம் விழுந்து, கோணலாக மார்பு உயரத்தில் நின்றுவிட்டது. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. அடியில் ஓர் உலக்கையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பெரிய மோட்டாராகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மகன். பழைய ஸ்பிரிங்கையே வெல்டு வைத்து முறுக்கிக் கட்டிவிடலாம், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு கை பிடித்தால் போதும் என்கிறார் ஊர் வெல்டர். வாரண்டி ஒரு வருடம்தான், முடிந்துவிட்டது என்கிறார் மோட்டார் போட்டவர். மே மாதம் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது ஆச்சியின் கேள்வி.

ஆச்சி, வணக்கம். 'தம்பி' என்று அழைத்து எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் 26 வருடமாக ஷட்டரும் கேட்டும் போட்டுக்கொண்டிருக்கிற மெக்கானிக்கல் இன்ஜினியர் நான். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காரணம் அதிலேயே இருக்கிறது. அதற்குமுன் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

உலக்கையை எடுக்கப் போகாதீர்கள், அதை நம்பவும் செய்யாதீர்கள். உங்கள் ஷட்டர் ஏறக்குறைய 90 கிலோவிலிருந்து 100 கிலோ இருக்கும். இரண்டு மூட்டை சிமெண்டு. இப்போது அதைப் பிடித்திருப்பது உலக்கை இல்லை. ஷட்டரின் இரும்புப் பட்டிகள், இருபுறமும் அவை ஏறி இறங்குகிற தடமான சேனலுக்குள் கோணலாக இறுகிக்கொண்டதால்தான் நிற்கிறது. லேசாக ஆட்டம் கொடுத்தால் அந்த இறுக்கம் விட்டுப்போகும்.

மோட்டாருக்குப் போகிற மெயின் ஸ்விட்சை அணைத்து, ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஷட்டருக்கு உள்ளேயும் வெளியேயும் ஆறடி தள்ளிக் கயிறு கட்டுங்கள். பின்தெருப் பிள்ளைகள் குனிந்து உள்ளே ஓடிவரக்கூடிய உயரத்தில் நிற்கிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை. மெக்கானிக் வந்து, கட்டட வேலையில் சென்ட்ரிங்குக்கு வைக்கிற இரும்பு ஜாக்கி இரண்டை இரண்டு சேனலையும் ஒட்டி முட்டுக் கொடுக்கிற வரைக்கும் கார் உள்ளேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரிச் சத்தம்

அன்று முறிந்தது ஸ்பிரிங். எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

ஷட்டர் சுற்றுகிற பைப்பின் மேல், வட்டப் பெட்டிகளுக்குள் சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. உங்கள் அளவு ஷட்டரில் இரண்டோ மூன்றோ இருக்கும். ஷட்டர் இறங்க இறங்க அவை முறுக்கேறும், ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பாரத்தைத் தூக்கிக் கொடுக்கும். முழுக்க மூடியிருக்கும்போதுதான் முறுக்கு உச்சத்தில் இருக்கும். அதனால்தான் யாரும் தொடாத ராத்திரி நேரத்தில் முறிந்தது. உங்கள் வீட்டுக்காரர் இத்தனை வருடம் ஒரு கையால் 100 கிலோ ஷட்டரைத் தூக்கினார் என்றால், பாரத்தில் பெரும்பங்கை ஸ்பிரிங் தாங்கியது.

கேரேஜ் கதவு ஸ்பிரிங்குகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 10,000 தடவை ஏற்றி இறக்குவது. தினம் நான்கு தடவை என்று வைத்தால் ஏழு வருடத்துக்குள் முடிந்துவிடும். துரு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். உங்கள் ஸ்பிரிங் 11 வருடம் உழைத்திருக்கிறது.

மோட்டார் போட்டதும் பாரம் குறைந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள், உங்கள் மகனும் அப்படியே நினைக்கிறார். பாரம் அப்படியேதான் இருந்தது ஆச்சி, உங்கள் கைக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். கை ஷட்டராக இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே 'இன்றைக்கு என்ன, தூக்கவே முடியவில்லையே' என்று தெரிந்திருக்கும். மோட்டார் முனகிக்கொண்டே நான்கு வாரம், முறிந்த ஸ்பிரிங் தாங்கிய பாரத்தையும் சேர்த்து இழுத்தது. ஏறும்போது முனகல், இறங்கும்போது வேகம், கரண்டு இல்லாதபோது இழுக்கிற கைச் செயின் கனப்பது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் ஷட்டரை நிறுத்திவிட வேண்டும்.

வாரம் வாரம் கூட்டிய செங்கல் பொடி

கடிதத்தின் நடுவில், மோட்டார் பக்கத்து மூலையில் கூட்டக் கூட்டச் செங்கல் பொடியும் வெள்ளை மாவும் கொட்டிக்கொண்டே இருந்தது, கரையான் என்று நினைத்து மருந்து அடித்தோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது கரையான் இல்லை. உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்பும் செங்கலும் சேர்த்துக் கட்டியது. மோட்டாரையும் ஷட்டரையும் தாங்குகிற பிராக்கெட்டை அதில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆங்கர் போல்ட் துளைக்குள் விரிந்து பக்கவாட்டில் அழுத்தித்தான் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட் அந்த அழுத்தத்தைத் தாங்கும். நம் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர் நூறு வருடம் வீட்டைத் தாங்கும், ஆனால் ஒரு விரல் தடிமன் போல்ட்டின் அதிர்வைத் தாங்காது. ஷட்டர் ஏறி இறங்கும்போதெல்லாம் துளை கொஞ்சம் கொஞ்சமாக அரைபட்டது. அந்த மாவைத்தான் நீங்கள் முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

ஸ்பிரிங் போன பிறகு அந்தப் பக்கத்தில் இழுவை கூடியது. கடைசியில் பிராக்கெட் சாய்ந்திருக்கிறது, அதோடு மோட்டாரையும் பைப்பையும் இணைக்கிற செயின் பல்லை விட்டு நழுவியிருக்கும். செயின் நழுவிவிட்டால் மோட்டாருக்குள் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும் பயன் இல்லை, பைப் தானாகச் சுற்றிக் கீழே விட்டுவிடும். ஒரு முழத்தோடு கோணலாகி இறுகிக்கொண்டது உங்கள் குடும்பத்தின் நல்ல காலம்.

ஆகவே, அதே சுவரில் இன்னும் கனமான மோட்டாரை மாட்டுவது தவறு. உங்கள் மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அக்கறையில்தான் சொல்கிறார், போனில் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

வெல்டர் சொன்னது பற்றி

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், செய்ய விடாதீர்கள். முறிந்த ஸ்பிரிங்கை வெல்டு வைத்து ஒட்டக்கூடாது. சூடு பட்ட இடம் ஸ்பிரிங்கின் குணத்தையே இழந்து, அங்கேயே மறுபடி முறியும். ஒன்று முறிந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், மற்றவையும் அதே வயதுதானே.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரை ஒரு கை பிடிக்கச் சொல்வது அதைவிட ஆபத்து. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கடை ஷட்டருக்கு ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டிருந்தோம். டீ வாங்கிக்கொண்டு வந்த ஹெல்பரைக் கூப்பிட்டு, 'அண்ணே, இந்த ரெஞ்சைக் கொஞ்சம் பிடிங்க' என்றேன். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வந்து பிடித்தார். முறுக்கு திரும்பியபோது ரெஞ்ச் வழுகி அவர் முன்கையில் அடித்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. டம்ளரில் டீ அப்படியே இருந்தது. கூப்பிட்டவன் நான். அன்றிலிருந்து, இந்த வேலை பழகாத ஒருவரையும் ஏணிப் பக்கம் விட்டதில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், நீங்கள் சொன்னதால் கைகொடுத்து அடிபட்டால், வைத்தியச் செலவும் பொறுப்பும் உங்களிடம்தான் வந்து நிற்கும். பணத்தை விடுங்கள், அவர் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டுமே.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

முதல் வழி, இதே ஷட்டரைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வது. அப்படியானால் எல்லா ஸ்பிரிங்கும் புதிது, கோணிய பட்டிகள் புதிது. முடிந்தவரை பாரம் சுவருக்குப் போகக்கூடாது. இருபுறமும் கான்கிரீட் அடி போட்டு இரும்புத் தூண் நிறுத்தி, மேலே குறுக்குச் சட்டம் கொடுத்து, ஷட்டரும் மோட்டாரும் அந்தச் சட்டத்தில் தொங்க வேண்டும். இடம் இல்லை என்றால் சுவரை முழுக்க ஊடுருவி, மறுபக்கம் தகடு வைத்து போல்ட்டை முடுக்கலாம். கழன்ற துளையில் சிமெண்டை அடைத்து அதே இடத்தில் மறுபடி ஆங்கர் அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிமெண்டும் பழைய சுண்ணாம்பும் ஒட்டி வாழாது. கூடவே, பைப்பின் மோட்டார் இல்லாத முனையில் ஷட்டர் விழாமல் தடுக்கிற பிரேக் ஒன்று போடச் சொல்லுங்கள். செயின் அறுந்து பைப் வேகமாகச் சுற்றினால் அது பிடித்து நிறுத்திவிடும். சிலர் ஸ்பிரிங்கே வேண்டாம், பெரிய கியர் மோட்டார் போதும் என்பார்கள். பெரிய குடோன்களில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே முழுப் பாரமும் செயினை நம்பித் தொங்குவதால், இந்த பிரேக் இல்லாமல் அந்த வழிக்குப் போகவே கூடாது.

இரண்டாவது வழி நீங்களே கேட்டது. பழைய வண்டிக் கொட்டகையின் தேக்குக் கதவு இரண்டும் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சாத்தி வைத்திருக்கிறது, அதையே திரும்ப மாட்டலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ பிற்போக்கான யோசனை போலத் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி. வாரம் இரண்டு தடவை காரை எடுக்கிற வீட்டுக்கு, தலைக்கு மேல் 100 கிலோ தொங்க வேண்டிய அவசியம் என்ன? கீல் போட்ட கதவு யார் தலையிலும் விழாது, கரண்டு போனாலும் திறக்கும். கதவு நல்ல கனம் இருக்கும், ஆகவே புதுக் கீலும், அடியில் தாங்கிச் செல்ல ஒரு சக்கரமும், திறந்தபின் காற்றில் அடிக்காமல் மாட்டக் கொக்கியும் வேண்டும். கதவு உள்பக்கம் திறந்தால் காருக்குப் பின்னால் 5 அடி இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

எந்த வழியானாலும், பின்கட்டு உங்கள் பங்கில் மட்டும் இருக்கிறதா, பங்காளிகளுக்கும் பொதுவா? பொதுவென்றால் சுவரைத் தொடும்முன் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தூண் நிறுத்தியதற்காகப் பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடு எனக்குத் தெரியும்.

பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்பதால்

'சின்னப் பையன் அடியில் நின்றால் மோட்டார் தானாக நின்றுவிடும்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது ஆச்சி. உங்களுடையது போன்ற சாதாரண ரோலிங் ஷட்டர் மோட்டாருக்குக் கீழே ஆள் இருப்பதும் தெரியாது, கார் இருப்பதும் தெரியாது. லிமிட், அதாவது நிற்க வேண்டிய எல்லை, வைத்த இடம் வரைக்கும் இறக்குவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அமெரிக்காவில் தானியங்கிக் கேரேஜ் கதவுக்கு அடியில் சிக்கிப் பிள்ளைகள் இறந்த பிறகுதான், 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கேரேஜ் மோட்டார்களில் குறுக்கே எதாவது இருந்தால் அறிகிற சென்சார் போன்ற பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் ஆக்கினார்கள். இங்கே நாம் கேட்டு வாங்கினால்தான் உண்டு. மோட்டாரை வைத்துக்கொள்வதாக இருந்தால் இவற்றைக் கேளுங்கள்:

கண் சென்சார். இரண்டு சேனலையும் ஒட்டி, தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் வைத்தால் தவழ்கிற பிள்ளையைப் பார்க்காது. மாதம் ஒரு தடவை, ஷட்டர் இறங்கும்போது எட்ட நின்று ஒரு நீளத் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் சரிசெய்கிற வரை மோட்டாரைத் தொடக்கூடாது.

விட்டால் நிற்கிற பட்டன். சுவரில் ஐந்தடி உயரத்தில், ஷட்டர் முழுக்கக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, விரலை எடுத்தால் இறங்குவது நின்றுவிடும்படி வயரிங் செய்யச் சொல்லுங்கள். செலவு அதிகம் இல்லை. ரிமோட்டைவிட நான் இதையே நம்புவேன். ரிமோட் சாவிக்கொத்தில் தொங்கக்கூடாது, பிள்ளைகள் கைக்குப் போகவும் கூடாது.

எர்த். ஷட்டர் முழுவதும் இரும்பு. எலி கடித்த வயர் ஒன்று பட்டால் 80 சதுர அடியும் மின்சாரம்தான். மோட்டாருக்கு எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்பு மறுபடியும்.

புதிதாகக் கட்டும் வீடுகளில் இப்போது சிலர் வெளிநாட்டு மாதிரியில், மடிந்து கூரைக்கு அடியில் போகிற கேரேஜ் கதவு போடுகிறார்கள். அந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்கவைத்து, கதவை இறக்கிப் பாருங்கள். கட்டையைத் தொட்ட இரண்டு வினாடிக்குள் கதவு திரும்ப மேலே போக வேண்டும்.

கிரீஸ் விஷயம்

மாதம் ஒரு தடவை சேனல் நிறையக் கிரீஸ் அப்பச் சொல்லி, அதைத் தவறாமல் செய்துவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம் செம்மண் தூசி கிரீஸில் ஒட்டி உப்புத்தாள் போல ஆகிவிடும், பட்டியின் ஓரத்தையே தேய்த்துவிடும். சேனலைக் காய்ந்த துணியால் துடைத்து, மெழுகுத் துண்டை ஒரு தடவை தேய்த்தால் போதும். கிரீஸும் எண்ணெயும் பேரிங்குக்கும் செயினுக்கும் மட்டும், அதுவும் மெக்கானிக் கையால். ஷெட்டைக் கழுவினால் ஷட்டரின் அடிப்பட்டையைத் துடைத்துவிடுங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போய் மாதக்கணக்கில் இருந்து திரும்பினால், மேலே சுருள் பெட்டியில் குளவிக்கூடு, அணில் கூடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

வாரண்டி முடிந்தால் கேட்கவே முடியாதா

முடியும். ஆனால் எதைக் கேட்கலாம் என்பதில் நியாயமாக இருப்போம். 11 வருட ஸ்பிரிங் முறிந்தது மோட்டார் போட்டவரின் குற்றம் இல்லை. பழைய ஸ்பிரிங்கைச் சோதிக்காமலே அதன்மேல் மோட்டாரை மாட்டியதும், சுண்ணாம்புச் சுவர் என்று பார்த்தும் ஆங்கர் அடித்ததும் அவர் வேலையின் குறை. வாரண்டி பொருளுக்கு அவர் தருகிற வாக்கு. சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தருகிற உரிமை வேறு, குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அதற்கும் முன்னால், நடந்ததை எழுதி அவருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கடிதம் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல பேர் கடிதம் கண்டதுமே வந்து சரிசெய்து கொடுத்துவிடுகிறார்கள். வழக்கு வரைக்கும் போவதாக இருந்தால் வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்கிறவர் கழற்றுகிற எதையும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். முறிந்த ஸ்பிரிங்கின் முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி கறுத்துத் துருவேறியும், மீதி வெள்ளி போல மின்னியும் இருந்தால், விரிசல் வெகுநாளைக்கு முன்பே விழுந்துவிட்டது, கடைசிப் பகுதிதான் அன்று ராத்திரி முறிந்தது என்று அர்த்தம். மோட்டார் போட்ட நாளில் சோதித்திருந்தால் தெரிந்திருக்குமா என்ற கேள்விக்கு அது ஒரு சாட்சி.

படம் எடுக்க நீங்கள் ஷெட்டுக்குள் போக வேண்டாம். மெக்கானிக் ஜாக்கி முட்டுக் கொடுத்த பிறகு, பிராக்கெட் கழன்ற சுவரையும் ஸ்பிரிங்கின் முறிந்த முகத்தையும் அவரையே எடுக்கச் சொல்லி, தேக்குக் கதவின் அகலத்தையும் காருக்குப் பின்னால் இருக்கும் இடத்தையும் அளந்து எழுதி அனுப்புங்கள். கீல் என்ன அளவு, சக்கரம் எங்கே என்று வரைந்து அனுப்புகிறேன். மே மாதத்துக்கு முன் முடித்துவிடலாம்.